அடிக்குக் கால் அங்குலம்

ஓட்டுக் கூரைதான் சிரமம், இன்ஸ்பெக்டர் ஐயா. சுவர் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அட்டையை அளந்து வெட்டி நிறுத்தினால் சுவர். மொட்டை மாடி அதைவிடச் சுலபம். ஓடு அப்படியில்லை. பழைய தபால் கார்டை மெல்லிய பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொரு பட்டையையும் பல் பல்லாகக் கத்தரித்து, கீழ் வரிசையின் மேல் மேல் வரிசை பாதி ஏறி உட்காரும்படி ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு வரிசை கோணினால் கூரையே கோணிவிடும். கோடம்பாக்கம் கேட் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் ஓடு போட எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது.

என் மைத்துனர் சுப்பராமன் எங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து விழுந்து இறந்தது பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் அதில் உள்ள நியாயம் தெரியும். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

நான் கட்டட கன்ட்ராக்டர் ஒருவரிடம் டிராஃப்ட்ஸ்மன். தியாகராய நகரில் நீங்கள் பார்க்கிற வீடுகளில் சில என் கையால் வரைந்தவை. காகிதத்தில் அவை அழகாக இருக்கும். கட்டி முடித்து ஜனங்கள் குடிவந்தால், ஜன்னலில் ஈரத் துணி தொங்கும், சுவரில் வெற்றிலைச் சாறு வழியும். அதனால்தானோ என்னவோ, எனக்கென்று ஒரு ஊர் கட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். எங்கள் வீட்டு மாடி ஹாலில் பெரிய பலகை மேஜை போட்டு, அதன் மேல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கோடம்பாக்கம் கேட் வரைக்கும் ரயில்பாதையும் இரண்டு பக்கத்துக் கட்டடங்களும். இடையில் உள்ள வெறும் தூரத்தைச் சுருக்கியிருக்கிறேன்; கட்டடங்கள் எல்லாம் அடிக்குக் கால் அங்குலம் கணக்கு. சண்டைக்கு முன்பு வாங்கிய சாவி கொடுக்கிற எஞ்சின் ஒன்று உண்டு. வருகிறவர்கள் அதைத்தான் ஓட்டச் சொல்வார்கள். எனக்கு எஞ்சின் முக்கியமில்லை. கட்டடங்களுக்கு நடுவே ஏதாவது ஓட வேண்டும் என்பதற்காக ஓடுகிறது, அவ்வளவுதான்.

சண்டை வந்த பிறகு சீமையிலிருந்து எதுவும் வரவில்லை. எனக்கு அதனால் நஷ்டமில்லை. நான் எதையும் செய்ததாக வாங்குகிறவன் அல்ல. ராயப்பேட்டையில் பைண்டிங் கடை வைத்திருக்கிற ஷரஃபுதீன் எனக்கு அட்டை கொடுப்பார். பசை நானே காய்ச்சுவேன். ஒட்டி, இறுக்கி, காயவைத்து, அரக்கு வார்னிஷ் கொடுத்து, வண்ணம் பூசினால் அட்டை எதுவாக வேண்டுமானாலும் ஆகும். செங்கல் ஆகும், தகரம் ஆகும், இரும்பு ஆகும். தொட்டுப் பார்த்தவர்கள்கூட ஏமாந்திருக்கிறார்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சித்திரை மாதம் மாதிரி நிம்மதியான காலம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. எங்கள் தெருவில் எல்லா வீடும் பூட்டிக் கிடந்தது. சுவர்களைத் தடையில்லாமல் அளந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. என் மனைவி விஜயலக்ஷ்மியை அவள் சித்தப்பா காஞ்சீபுரத்துக்குக் கூப்பிட்டார். நான் இல்லாமல் போகமாட்டேன் என்று அவள் இருந்துவிட்டாள். மேஜையை விட்டு நான் போவதாக இல்லை. அதை அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

அந்த மாதம்தான் அவளுடைய அண்ணா சுப்பராமன் வந்து சேர்ந்தார். ஊரே வண்டியேறிப் போய்க்கொண்டிருந்தபோது மாம்பலத்தில் வந்து இறங்கியவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. ரங்கூனில் ஒரு அரிசி மில் ஆபீசில் வேலை பார்த்தவர். மனைவி கோமளா, ஒரே பெண் குழந்தை. மூன்று பேருமாகக் கிளம்பிக் காட்டு வழியே நடந்திருக்கிறார்கள். வழியில் காலரா. சிட்டகாங்கை எட்டியபோது அவர் மட்டும்தான் இருந்தார். இவ்வளவையும் அவர் வந்த அன்றே, சாப்பிட உட்காருவதற்கு முன், ஏதோ சாமான் தொலைந்ததைச் சொல்கிற மாதிரி சொல்லி முடித்துவிட்டார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

பர்மாவிலிருந்து தேக்கு வருவது நின்றது, சுப்பராமன் வந்தார். சண்டை எங்கள் வீட்டுக்குச் செய்தது அதுதான்.

அவருக்குப் படுக்க மாடி ஹாலைத்தான் கொடுக்க முடிந்தது. மேஜைக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொள்வார். நல்ல மனிதர். அதை நான் மறைக்கவில்லை. குரல் உயர்த்த மாட்டார், பொடி போட மாட்டார், சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். காலையில் காபி டம்ளரோடு பால்கனிக்குப் போய், கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, ஸ்டேஷனில் வண்டி வந்து ஜனங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் கையைக்கூடத் தூக்குவார். யாரைப் பார்த்து என்று நான் கேட்டதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் தேக்கு. எதையும் அட்டையில் செய்யலாம் என்றேன். பிளாட்பாரத் தூண் மட்டும் விதிவிலக்கு. அவ்வளவு மெல்லியதாக அட்டை நிற்காது. பழைய தேக்காக இருந்தால் நூல் பிடித்த மாதிரி சீவலாம். கடையில் கிடைக்கவில்லை. எங்கள் பால்கனிக் கைப்பிடி என் மாமனார் காலத்து அசல் பர்மா தேக்கு. கீழே வரிசையாகக் கடைசல் கட்டைகள், மேலே உருட்டின கைப்பிடி. அதில் ஓரத்துக் கட்டை ஒன்றை எடுத்தேன். எடுத்த இடம் ஓட்டையாகத் தெரியக்கூடாதே என்று அட்டையை வளையம் வளையமாக வெட்டி அடுக்கி, கடைசல் வளைவு பிசகாமல் தேய்த்து, தேக்கு நிறம் கொடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் ரேகை இழுத்து அந்த இடத்தில் நிறுத்தினேன். முழு அளவில் நான் செய்த முதல் வேலை அது. தூரத்திலிருந்து பார்த்தேன், கிட்டே போய்ப் பார்த்தேன். எது மரம், எது அட்டை என்று எனக்கே ஒரு நிமிஷம் ஆயிற்று.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. மேலே இருந்த கைப்பிடி அப்போது உறுதியாகவே இருந்தது. சில மாதத்தில் இன்னும் சில கட்டைகளை மாற்றினேன். அதுவும் தேவைக்குத்தான்.

சுப்பராமன் மேஜையை முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது, ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். தேன்மெழுகில் பிடித்த பொம்மை. சுங்குடித் துணி சுற்றியிருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை. முகத்தில் மூக்கும் வாயும் சரியாகக்கூட இல்லை. ஆனால் கழுத்தைக் கொஞ்சம் நீட்டி, வண்டி வருகிற திசையில் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டு அங்குலம். அடிக்குக் கால் அங்குலம் என்றால் அந்த அம்மாள் எட்டு அடி உயரம். ஸ்டேஷன் கதவில் நுழைய முடியாது. அதை மரியாதையாகவே அவரிடம் சொன்னேன்.

அவர் யோசித்துவிட்டு, "நுழைய வேண்டாமே, மாப்பிள்ளே. வெளியிலேயே நின்னுண்டிருக்கட்டும். வண்டி வரச்சே என்னைத் தேடுவா, அவ்வளவுதான்" என்றார்.

அளவைப் பற்றிப் பேசினால் அளவைப் பற்றித்தான் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் அவர் குளிக்கப் போனபோது பொம்மையை எடுத்து ஒரு பெட்டியில் வைத்துவிட்டேன். சாயங்காலம் அதே இடத்தில் இன்னொன்று நின்றது. அதையும் எடுத்தேன். பிறகு தயிர்க்காரி வந்தாள், கேட் கீப்பர் வந்தார், கூடையோடு இரண்டு பேர் வந்தார்கள். எல்லாரும் ஏழடி, எட்டடி. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கோபப்படவில்லை. எடுக்க எடுக்கச் செய்துகொண்டே இருந்தார்.

விஜயலக்ஷ்மிதான் கேட்டாள். அவள் மாடி ஏறுவதே தூசி தட்டுவதற்குத்தான். இப்போது சாயங்காலம் ஆனால் மேலே போய்விடுவாள். அண்ணாவும் தங்கையும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, இந்தத் தயிர்க்காரிக்கு என்ன பேர், இவள் புருஷன் எங்கே போனான் என்று கதை கட்டிச் சிரிப்பார்கள். நான் படி ஏறுகிற சத்தம் கேட்டால் சிரிப்பு நிற்கும். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பது எனக்குப் புதிய செய்தி.

"அந்தக் கோமளாவை எடுத்தது நீங்கதானே?" என்றாள்.

அளவு சரியில்லை என்றேன்.

"நமக்குன்னு ஒரு குழந்தை கிடையாது. இத்தனை வருஷமா அந்த மேஜையைத் துடைச்சிண்டிருக்கேன். இப்பத்தான் அதுல பேசறதுக்கு ஒரு மனுஷி வந்திருக்கா. அளவு சரியில்லேன்னா உங்க கட்டடத்தை இடிச்சுப் பெரிசாக் கட்டுங்கோ" என்றாள்.

அவள் அப்படிப் பேசியதற்காக நான் வருத்தப்படவில்லை. அவளுக்குக் கணக்குப் பிடிபடாது.

பொம்மைகளை எடுப்பதை நிறுத்திவிட்டேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் விட்டுக்கொடுத்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷரஃபுதீன் வந்தார். என் வேலையின் அருமை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பட்டணம் காலியாவதற்கு முன்பு கடைசியாகப் பார்த்தது. அதன் பிறகு ஸ்டேஷன் முடிந்திருந்தது, ஓட்டுக் கூரைகள் முடிந்திருந்தன, தூண்கள் நின்றன. அவர் வருகிறார் என்று ஜன்னலைத் திறந்து வெளிச்சம் சரியாக விழும்படி செய்திருந்தேன்.

அவர் மேஜையைச் சுற்றி வந்தார். ஸ்டேஷன் முன்னால் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வூடெல்லாம் அப்படியே கீது சார், சுத்தமா கீது. ஆனா இந்த அம்மா நிக்கிறாங்களே, இவங்களைப் பார்த்தப்புறம் வேற எதுவும் கண்ணுக்குத் தெரியல. யார் சார் செஞ்சது?" என்றார்.

சுப்பராமன் கூச்சத்தோடு, எல்லாம் மாப்பிள்ளை கட்டின ஊர், நான் சும்மா ஆளை நிறுத்தினேன் என்றார். ஷரஃபுதீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பால்கனிக்குப் போய் நின்று பேசினார்கள். ஷரஃபுதீனுடைய தம்பியும் ரங்கூனிலிருந்து திரும்பவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் எஞ்சினுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நான் ராயப்பேட்டைக்குப் போய் நிறைய அட்டை கேட்டேன். இவ்வளவு எதற்கு என்று ஷரஃபுதீன் கேட்டார். பெரிய கட்டடம் ஒன்று இருக்கிறது என்றேன். தட்டுப்பாடு காலத்திலும் எங்கிருந்தோ தேடிக் கொடுத்தார். சுப்பராமனை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

தை மாதம் கோமளாவுக்குத் தெவசம் வந்தது. காஞ்சீபுரத்தில் சித்தப்பா வீட்டில் செய்வதாகச் சுப்பராமனும் விஜயலக்ஷ்மியும் கிளம்பினார்கள். எனக்கு ஆபீஸ் இருக்கிறது என்றேன். லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். ஸ்டேஷனைப் பார்த்த மூலையில், அவர் சாய்கிற இடத்தில், மேல் கைப்பிடியை அறுத்து எடுத்தேன். அந்த இடத்துக்கு அட்டையில் ஒன்று செய்தேன். உள்ளே கூடு, மேலே எட்டுச் சுற்று. உருட்டின வடிவம் வர வேண்டும், மாமனார் கை பட்டுப்பட்டுத் தேய்ந்த வழவழப்பு வர வேண்டும், ஒரு இடத்தில் பழைய ஆணித் துரு இருந்தது, அதுவும் வர வேண்டும். இரண்டு முறை செய்தது சரியில்லை என்று கிழித்துப் போட்டேன். மூன்றாவதை வைத்தபோது வெயில் அதன் மேல் விழுந்தது. என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே சிறந்தது அதுதான்.

அறுத்த தேக்கை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. கோணியில் சுற்றி மேஜைக்கு அடியில் கிடக்கிறது. தூண்களுக்கு மரம் ஏற்கனவே போதுமானதாக இருந்தது. இதை நானும் பிறகுதான் கவனித்தேன்.

அவர்கள் திரும்பி வந்ததும் விஜயலக்ஷ்மியிடம் மட்டும், பால்கனிக்கு வார்னிஷ் அடித்திருக்கிறேன், துணி போடாதே, சாயாதே என்று சொன்னேன். சுப்பராமனிடம் சொல்லவில்லை. அவர் அப்போது ஸ்நானத்துக்குப் போயிருந்தார். பிறகு சொல்லச் சந்தர்ப்பம் வந்தது. ஆனால் அவரும் கேட்கவில்லை.

பெருக்கித் துடைக்க வருகிற வேலம்மா ஒருத்திக்குத்தான் சந்தேகம். ஒரு நாள் ஈரத் துணியோடு என்னிடம் வந்தாள். துணியில் தேக்கு நிறம் ஒட்டியிருந்தது.

"இன்னா ஐயரே, கட்டை சாயம் போவுது. கையை வெச்சா லேசா ஆடற மாதிரி கீது. அந்த நைனா டெய்லி அங்கதான் நிக்கிறாரு, சொல்லிவையி" என்றாள்.

புது வார்னிஷ், இனிமேல் துடைக்காதே என்றேன். அவள் சொன்னதிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டேன். ஈரம் படக்கூடாது. அன்று மாலையே இன்னொரு பூச்சுக் கொடுத்தேன்.

அதன் பிறகும் அவர் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தார். மெலிந்த உடம்பு. மெதுவாகத்தான் சாய்வார். கைப்பிடி தாங்கியது. ஒவ்வொரு நாளும் தாங்கியது. வேலை அவ்வளவு நன்றாக வந்திருந்தது. எனக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் அலுப்பும் இருந்தது.

மாசி மாதத்தில் அன்று காலை விஜயலக்ஷ்மி கீழே அடுப்படியில் இருந்தாள். நான் மேஜைக்கு முன் உட்கார்ந்து சிக்னல் கம்பம் ஒன்றுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். சுப்பராமன் காபியோடு பால்கனியில் நின்றார். கோடம்பாக்கம் பக்கத்திலிருந்து வண்டி வருகிற சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன்: "கேட்டுக்கு அந்தண்டை சிக்னல் கை எவ்வளவு இறங்கியிருக்குன்னு கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்றேளா?"

இவ்வளவு நாளில் நான் அவரிடம் வேலை விஷயமாக ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இருங்கோ மாப்பிள்ளே, வேப்பமரம் மறைக்கறது" என்றார். டம்ளரைக் கீழே ஓரமாக வைத்தார். இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றி, உடம்பை வெளியே நீட்டினார்.

பெரிய சத்தம் வரவில்லை. மரம் முறிந்தால் வருகிற சத்தம் அட்டைக்கு வராது. கீழே துவைக்கிற கல் இருந்தது.

நான் இறங்கிப் போனபோது விஜயலக்ஷ்மி அவர் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். அவருக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, "கைப்பிடி போயிடுத்து, மாப்பிள்ளே. மரம் உளுத்திருக்கு. விஜயத்தை அந்தப் பக்கம் விடாதேங்கோ" என்றார். டாக்டர் வருவதற்குள் போய்விட்டார். பத்து மாதமாகக் கை ஊன்றிச் சாய்ந்தவர்; மரத்துக்கும் அட்டைக்கும் கடைசி வரையில் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அன்று நீங்கள் சாவை விசாரிக்கப் பஞ்சாயத்தாரோடு வந்தீர்கள். முதலில் மேஜையைத்தான் பார்த்தீர்கள். இந்தப் பொம்மையெல்லாம் யார் செய்தது, என்ன அழகு என்று கேட்டீர்கள். இறந்தவர் என்று விஜயலக்ஷ்மி சொன்னாள். அதன் பிறகு பால்கனிக்குப் போய், விழாமல் நின்ற கட்டைகளை ஒன்றிரண்டு விரலால் தட்டி, "பழைய பர்மா தேக்குங்க. வெளியே நல்லா இருக்கும், உள்ளே கரையான் தின்னுடும்" என்று பஞ்சாயத்தாருக்குச் சொன்னீர்கள். அவர்களும் தலையை ஆட்டினார்கள். கீழே விழுந்த துண்டுகளை வேலம்மா அதற்கு முன்பே இரத்தத்தோடு தண்ணீர் விட்டு அலம்பித் தள்ளியிருந்தாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து வருத்தப்பட்டீர்கள். நன்றி.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. விஜயலக்ஷ்மி, காரியங்கள் முடிந்த மறுநாள் மெழுகில் அவளே ஒரு ஆள் பிடித்து, பிளாட்பாரத்தில் கோமளாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் காஞ்சீபுரம் போய்விட்டாள். ஒன்பது அடி இருப்பார். நான் தொடவில்லை. மைத்துனர் போன துக்கம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். மனசாட்சிதான் உறுத்துகிறது என்பது எனக்குத் தெரியும். உண்மைக்கு மாறாக ஒன்று சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டால், அதை அப்படியே விட்டுவிடுகிற சுபாவம் எனக்கு இல்லை.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள். சுப்பராமனைக் கொன்றது நான். திட்டமிட்டுச் செய்தேன். அவர் மேல் எனக்குப் பொறாமையோ விரோதமோ கிடையாது. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்கிறேன், என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். மிச்சம் நிற்கிற கட்டைகளைச் சாட்சிக்கு எடுத்துவரும்போது வண்டியில் வைக்கோல் போட்டு எடுத்து வாருங்கள். அவற்றைத் தேக்கு என்று நீங்கள் சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கரையான் என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் பசையில் மயில்துத்தம் சேர்க்கிறவன். என் வேலையில் கரையான் ஏறாது.